சூப்பர் டீம் கட்ட எந்த வழி நல்லது? என்பிஏ சம்பள வரம்பு சொல்லும் கணக்கு

2025 ஜூன் 17, நம் நேரப்படி காலை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் இறுதிச் சுற்றில் ஐந்தாவது ஆட்டம். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஜேலன் வில்லியம்ஸ் தனியாளாக 40 புள்ளிகள் எடுத்தார், இண்டியானாவை 120-109 என்று தண்டர் தோற்கடித்தது. அந்த சீசனில் அவருடைய சம்பளம் சுமார் 48 லட்சம் டாலர். அதே சீசனில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி பிராட்லி பீலுக்குக் கொடுத்தது 5 கோடி டாலருக்கும் மேல். பத்து மடங்கு. அந்த சன்ஸ் அணி 36 ஆட்டங்களில் வென்று, 46-ல் தோற்று, பிளேஆஃப் பக்கமே போகவில்லை.

பணக்கார முதலாளி இருந்தால் பல நட்சத்திரங்களை ஒன்றாகச் சேர்த்து சூப்பர் டீம் கட்டிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த இரண்டு சம்பளங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அந்த நினைப்பு ஆட்டம் காணும். ஜெயித்த சூப்பர் டீம் எதை எடுத்துப் பார்த்தாலும், அதில் யாராவது ஒரு பெரிய ஆட்டக்காரர் தன் மதிப்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஆடியிருப்பார். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தது யார் என்பதுதான் அணிக்கு அணி மாறும். ஒரு அணியின் பொது மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து யோசிப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் அதைத்தான்.

விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு தொகை; 2025 சீசனுக்கான ஏலத்தில் 120 கோடி ரூபாய். அதைத் தாண்டி ஒரு ரூபாய்கூடப் போக முடியாது. என்பிஏவிலும் ஒரு அணி கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு உண்டு, ஆனால் அது அப்படி இறுக்கமானதல்ல. 1984-85-ல் 36 லட்சம் டாலரில் தொடங்கிய நாளிலிருந்தே அதில் வாசல்கள் உண்டு. பெரிய வாசல் 'பேர்ட் உரிமை'. பாஸ்டனின் லாரி பேர்டின் பெயரால் வந்தது. தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு அணி வரம்பைத் தாண்டலாம். இந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதற்கு ஒரே உதாரணம் போதும்: 1997-98-ல் ஒரு அணியின் மொத்த வரம்பு 2.69 கோடி டாலர். மைக்கேல் ஜோர்டான் ஒருவர் வாங்கியதே 3.3 கோடி.

அதற்கு அடுத்த சீசனில் உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தார்கள். அதன் முடிவில் வந்த ஒப்பந்தம் தனி ஆளின் சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு வைத்தது. லீகில் ஆடிய வருடங்களைப் பொறுத்து, வரம்பில் சுமார் 25, 30 அல்லது 35 சதவீதம். செலவைக் குறைக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் என் பார்வையில் சூப்பர் டீம் என்ற விஷயம் முளைத்ததே இங்கேதான். லெப்ரான் ஜேம்ஸ் போன்ற ஒருவருக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்குமோ அதைக் கொடுக்கவிட்டிருந்தால், அவரையும் இன்னும் இரண்டு பெரிய ஆட்டக்காரர்களையும் ஒரே பட்டியலில் எழுத இடமே இருந்திருக்காது. எல்லோருக்கும் ஒரே உச்சம் என்று வைத்ததும், மிகப் பெரிய ஆட்டக்காரர்தான் மிகப் பெரிய தள்ளுபடியில் கிடைப்பவராக ஆகிவிட்டார்.

சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, நட்சத்திரங்களே தங்கள் பையிலிருந்து விட்டுக்கொடுப்பது. 2010 மயாமி ஹீட். அந்த வருட வரம்பு சுமார் 5.8 கோடி டாலர். ட்வெய்ன் வேட் ஏற்கெனவே அங்கே இருந்தார். லெப்ரானும் கிறிஸ் பாஷும் வர வேண்டுமானால் பட்டியல் கிட்டத்தட்டக் காலியாக வேண்டும். தலைவர் பேட் ரைலி அதைச் செய்தார். புதிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2008-ல் இரண்டாவதாக எடுத்த மைக்கேல் பீஸ்லியை, வெறும் இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்காக, அதாவது வரும் டிராஃப்ட்களின் இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமைகளுக்காக, மினசோட்டாவுக்கு அனுப்பினார். டேக்வான் குக்கை ஒரு முதல் சுற்றுத் தேர்வோடு சேர்த்து ஓக்லஹோமாவிடம் தள்ளினார். மூன்று பேரும் முழு உச்சச் சம்பளமான சுமார் 1.65 கோடியைக் கேட்காமல், 1.45 கோடியை ஒட்டி வாங்கிக்கொண்டார்கள். தலைக்கு 20 லட்சம் போலக் குறைத்ததில் யூடோனிஸ் ஹாஸ்லமைத் தக்கவைக்க இடம் கிடைத்தது. ஹாஸ்லமும் வெளியே போயிருந்தால் கூடுதலாக வாங்கியிருப்பார்.

நான்கு சீசன், நான்கு முறையும் இறுதிச் சுற்று, 2012-லும் 2013-லும் கோப்பை. 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் ரே ஆலன் மூலையிலிருந்து போட்ட மூன்று புள்ளியைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் இந்த வழியில் ஒரு பலவீனம் உண்டு. தள்ளுபடி கொடுத்தவர்களே அணியின் சொந்தக்காரர்கள்போல ஆகிவிடுகிறார்கள். அவர்கள் மனம் மாறினால் எல்லாம் முடிந்தது. 2013 கோப்பை கையில் இருந்தபோதே, சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டினால் கட்ட வேண்டிய சொகுசு வரியைக் குறைக்க, ஆட்டக்காரர் மைக் மில்லரை அணி விடுவித்தது. அடுத்த வருடம் லெப்ரான் கிளீவ்லேண்டுக்குத் திரும்பிவிட்டார். தாங்கள் லட்சக்கணக்கில் விட்டுக்கொடுத்திருக்க, முதலாளி வரிக்குத் தயங்குகிறார் என்றால் ஆட்டக்காரருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்மையில் இதே தியாகத்தைச் செய்தவர் நியூயார்க் நிக்ஸின் ஜேலன் பிரன்சன். ஒரு வருடம் பொறுத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு 26.9 கோடி வரை கேட்டிருக்கலாம்; 2024-ல் நான்கு வருடத்துக்கு 15.65 கோடியில் கையெழுத்திட்டார். பெருந்தன்மைதான், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அணியை நடத்துபவர் இன்னொருவரின் பெருந்தன்மையை வரவு செலவில் எழுதி வைக்க முடியாது. கிடைத்தால் வரம், கிடைக்கும் என்று திட்டமிடக் கூடாது.

இரண்டாவதை வழி என்று சொல்வதைவிட வாய்ப்பு என்று சொல்வேன். 2016 கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அதன் கதை நான்கு வருடம் முன்பு, 2012-ல் தொடங்குகிறது. அப்போது ஸ்டெஃபன் கரிக்குக் கணுக்கால் காயம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தில் நான்கு வருடத்துக்கு 4.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். காயம் குணமானது, அவர் இரண்டு முறை எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார், சம்பளம் மட்டும் அதே இடத்தில் நின்றது. 2016-17-ல் அவர் வாங்கிய 1.21 கோடி, அவருடைய அணியிலேயே நான்காவது இடத்துச் சம்பளம்.

அதே நேரத்தில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் பணம் உள்ளே வந்தது. அதைப் படிப்படியாக வரம்பில் சேர்க்கலாம் என்று லீக் சொன்னது. ஆட்டக்காரர் சங்கம் 2015-ல் மறுத்துவிட்டது. விளைவு, வரம்பு ஒரே கோடையில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குத் தாவியது. 73 ஆட்டம் வென்ற அணிக்குக் கெவின் துராண்டை வாங்க இடம் கிடைத்துவிட்டது! ஹாரிசன் பார்ன்ஸை விட்டார்கள், ஆண்ட்ரூ போகட்டை டல்லஸுக்கு அனுப்பினார்கள், துராண்ட் வந்தார். 2017, 2018 இரண்டு கோப்பைகள். நடுவில் துராண்டும் தன் பங்குக்குச் சம்பளத்தைச் சுமார் 2.5 கோடிக்குக் குறைத்துக்கொண்டதால்தான் அணியின் மற்ற ஆட்டக்காரர்களான இக்வடாலாவும் லிவிங்ஸ்டனும் தங்கினார்கள்.

என் கண்ணுக்கு இதுவரை ஆடிய அணிகளில் மிக அழகானது இதுதான். ஆனால் யாரும் இதை நகல் எடுக்க முடியாது. வரம்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று 2023 ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள். 2025-26-ல் தொடங்கிய 11 வருட, சுமார் 7,600 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் வந்தபோதும் வரம்பு 14.06 கோடியிலிருந்து 15.46 கோடிக்குத்தான் ஏறியது. அந்தக் கதவு மூடிவிட்டது.

மூன்றாவது வழி, வருங்காலத்தை அடகு வைத்து டிரேடில் வாங்குவது. இதில்தான் நிறைய அணிகள் விழுகின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

2007 பாஸ்டன் இதைச் சரியாகச் செய்தது. முந்தைய சீசனில் 24 வெற்றி மட்டும் பெற்ற அணி. டிராஃப்ட் இரவில் ஐந்தாவது தேர்வையும் இரண்டு ஆட்டக்காரர்களையும் கொடுத்து ரே ஆலனை வாங்கினார்கள். அப்புறம் ஐந்து ஆட்டக்காரர்கள், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள் என்று மொத்தம் ஏழு கொடுத்துக் கெவின் கார்னெட்டை மினசோட்டாவிடமிருந்து கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே பால் பியர்ஸ் இருந்தார். 66 வெற்றி, 2008 கோப்பை. இந்த டிரேடில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கொடுத்ததில் பெரிய பெயர் ஆல் ஜெஃபர்சன். சம்பளக் கணக்கைச் சரிக்கட்டியது அந்த வருடம் முடியவிருந்த தியோ ராட்லிஃபின் ஒப்பந்தம். ரஜான் ராண்டோவையும் கென்ட்ரிக் பெர்கின்ஸையும் அவர்கள் விடவே இல்லை. ராண்டோ அப்போது அறிமுக ஒப்பந்தத்தில் இருந்த இளைஞர், மிகக் குறைந்த சம்பளம். மூன்று பெரியவர்களுக்கு முழு விலை கொடுத்த அணிக்கு அந்த இளைஞரிடமிருந்து தள்ளுபடி வந்தது.

அதே பியர்ஸையும் கார்னெட்டையும் 2013-ல் புரூக்ளின் நெட்ஸ் வாங்கியபோது கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 36 ஆகவிருந்தது. விலை: 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகள், 2017-ல் இரண்டு அணிகளின் தேர்வுகளில் நல்லதை எடுத்துக்கொள்ளும் மாற்று உரிமை. பியர்ஸ் ஒரே சீசனில் போய்விட்டார். 2016 தேர்வில் பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2017-ல் கிடைத்த முதல் இடத்தைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாவது இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024-ல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்கள் அந்த இருவர்.

இதைப் பார்த்த பிறகும் புரூக்ளின் 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள், நான்கு மாற்று உரிமைகள், கூடவே ஜாரட் ஆலன், கேரிஸ் லெவர்ட் என்று கொடுத்தது. துராண்ட், கைரி இர்விங், ஹார்டன் மூவரும் சேர்ந்து ஆடிய வழக்கமான சீசன் ஆட்டங்கள் மொத்தம் 16. ஒரு வருடம் கழித்து ஹார்டன் பிலடெல்பியாவில் இருந்தார்.

பிறகு ஃபீனிக்ஸ். 2023 பிப்ரவரியில் துராண்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், ஜே கிரவுடர், நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள். துராண்டும் டெவின் புக்கரும் இருக்க, ஜூனில் பீலையும் வாங்கினார்கள். மூன்றாவது நட்சத்திரத்தை வாங்கிய அந்த முடிவுதான் எனக்குப் புரியவே இல்லை. 2024-25-ல் மூவரின் சம்பளத்தைக் கூட்டினால் சுமார் 15 கோடி. அந்த வருட வரம்பே 14.06 கோடி. மீதிப் பன்னிரண்டு பேரை எதை வைத்து வாங்குவது? முழு விலைக்கு வாங்கிய மூவரில் யாரும் தள்ளுபடி தரவில்லை, ராண்டோ போன்ற ஒரு இளைஞரை வளர்க்கத் தேர்வுகளும் மிச்சமில்லை. 2024 பிளேஆஃப் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 0-4. அடுத்த வருடம் பிளேஆஃபே இல்லை. 2025 கோடையில் துராண்டை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். திரும்பக் கிடைத்தது ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், பத்தாவது தேர்வு, சில இரண்டாம் சுற்றுத் தேர்வுகள். பீலை விடுவித்துவிட்டு அவர் பெயரில் ஐந்து வருடத்துக்கு வருடம் சுமார் 1.94 கோடி வரம்பிலிருந்து கழிய வேண்டிய நிலை. அவர் போனது வேறு அணிக்கு.

ஃபீனிக்ஸ் விழுந்ததற்கு இன்னொரு காரணம், 2023 ஒப்பந்தம் கொண்டுவந்த 'இரண்டாம் ஏப்ரன்'. வரம்புக்கு மேலே சொகுசு வரிக் கோடு, அதற்கு மேலே முதல் ஏப்ரன், அதற்கும் மேலே இது. 2025-26 கணக்கில் வரம்பு 15.46 கோடி, வரிக் கோடு 18.79 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. முன்பெல்லாம் கோட்டைத் தாண்டினால் அபராதம்போலப் பணம் கட்டினால் போதும். முதலாளிக்கு மனமிருந்தால் முடிந்தது. இப்போது இரண்டாம் ஏப்ரனைத் தாண்டினால் கையையே கட்டிவிடுகிறார்கள். இரண்டு மூன்று பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை டிரேடில் வாங்க முடியாது. நடுத்தரச் சம்பளத்துக்கு வெளியாட்களை எடுக்கும் விதிவிலக்கு கிடையாது. ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்றுத் தேர்வு உறைந்துவிடும், அதாவது அதை டிரேடில் கொடுக்க முடியாது. தொடர்ந்து மேலேயே இருந்தால் அது அந்தச் சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். 2007-ல் பாஸ்டன் செய்த ஏழுக்கு ஒன்று டிரேடை இன்று இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் அணி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பாஸ்டனே இதை அனுபவித்தது. 2024-ல் கோப்பை வாங்கிய கையோடு டேட்டமுக்கு ஐந்து வருடத்துக்கு 31.4 கோடி, பிரவுனுக்கு அதற்கு முந்தைய வருடமே 30.4 கோடி. இருவரும் தாங்கள் வளர்த்தவர்கள், பேர்ட் உரிமை இருக்கிறது, சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் 2025 மே மாதம் டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது. இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே இறங்க, அந்தக் கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடே போர்ட்லேண்டுக்கு, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு. கோப்பை வாங்கி ஒரே வருடத்தில் அணி கலைந்தது.

நான்காவது வழி, தோற்று, சேர்த்து, காத்திருப்பது. தள்ளுபடியைத் தருவது டிராஃப்ட்; அதில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கே முன்வரிசைத் தேர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம். புதிதாக வருபவரின் சம்பளம் முதல் நான்கு வருடத்துக்குப் பட்டியல்படிதான். அவர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் அந்தக் காலத்தில் உயராது. ஓக்லஹோமாவில் பொது மேலாளர் சாம் ப்ரெஸ்டி 2019-ல் நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து வாங்கியவை: ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர், டனிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு மாற்று உரிமைகள். அந்தத் தேர்வுகளில் ஒன்றுதான் 2022-ல் 12-வது இடத்தில் ஜேலன் வில்லியம்ஸ். அதே இரவில் இரண்டாவது இடத்தில் செட் ஹோம்கிரன். 2024-25-ல் இவர்கள் இருவரின் சம்பளம் சேர்ந்தே 1.6 கோடிக்குள். அதனால்தான் ஐசையா ஹார்டன்ஸ்டைனுக்கு மூன்று வருடத்துக்கு 8.7 கோடி கொடுக்கவும், அலெக்ஸ் கரூசோவை டிரேடில் எடுக்கவும் இடம் இருந்தது. 68 வெற்றி, கோப்பை, சொகுசு வரி ஒரு டாலர்கூட இல்லை.

இதன் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020-21-ல் 22 வெற்றி, அடுத்த சீசனில் 24. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம், லீக் வரலாற்றிலேயே மிக மோசமானது. அந்த இரவில் ஓக்லஹோமா ரசிகர்கள் எதை நம்பித் தூங்கப் போயிருப்பார்கள்? தோற்றால் மட்டும் நட்சத்திரம் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. பிலடெல்பியா 2013 முதல் மூன்று சீசனில் 47 ஆட்டம் மட்டும் வென்று தேர்வுகளைக் குவித்தது, ஆனாலும் பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. 2019-லிருந்து கடைசி மூன்று அணிகளுக்கும் குலுக்கலில் முதல் தேர்வு கிடைக்க ஒரே அளவு, 14 சதவீத வாய்ப்புதான். டெட்ராய்ட் 2023-24-ல் 68 ஆட்டம் தோற்றும் கிடைத்தது ஐந்தாவது இடம். ஓக்லஹோமாவை மற்றவர்களிடமிருந்து பிரித்தது தோல்வி அல்ல. பிறர் தங்கள் நட்சத்திரத்துக்காகத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தன் நட்சத்திரத்தை விற்று, அவர்களுடைய தேர்வுகளை வாங்கியதுதான்.

இப்போது முடிவு. இன்றைய விதிகளில் புதிதாகத் தொடங்கும் அணிக்கு நான் நான்காவது வழியைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லை. ஏற்கெனவே 27, 28 வயதில் ஒரு பெரிய நட்சத்திரம் கையில் இருக்கும் அணியால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அவர்கள் 2007 பாஸ்டனைப் படிக்க வேண்டும். இரண்டாவது நட்சத்திரத்தை வாங்கலாம், தேர்வுகளையும் கொடுக்கலாம், ஆனால் அறிமுக ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு நல்ல இளைஞரையாவது கடைசிவரை விடக் கூடாது. மூன்றாவது நட்சத்திரத்தை முழு விலைக்கு வாங்கவே கூடாது. கணக்கு எளிது: தலைக்கு 35 சதவீதம் என்றால் மூவருக்கு 105. இரண்டாம் ஏப்ரன் வரம்பில் சுமார் 134 சதவீதத்தில் இருக்கிறது. மீதி 29-ல் பன்னிரண்டு பேர்! ஒருவருக்குக் காயம் பட்டால் அவ்வளவுதான்.

அதே கணக்கு ஓக்லஹோமாவையும் விடாது. 2025 ஜூலையில் மூவருக்கும் நீட்டிப்பு கொடுத்துவிட்டார்கள்: ஷேக்கு நான்கு வருடத்துக்கு 28.5 கோடி, வில்லியம்ஸுக்கு ஐந்து வருடத்துக்கு 28.7 கோடி வரை, ஹோம்கிரனுக்கும் ஐந்து வருடத்துக்கு 25 கோடி வரை. இளையவர்கள் இருவருக்கும் புதிய சம்பளம் 2026-27-ல் தொடங்குகிறது, ஷேக்கு அதற்கு அடுத்த வருடம். 25, 25, 35 என்று வைத்தாலே மூவருக்கு 85 சதவீதம். ஆனால் ஹார்டன்ஸ்டைன், அணியின் இன்னொரு ஆட்டக்காரரான லூ டார்ட் இருவரின் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் கடைசி வருடம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அணியிடம் இருக்கிறது. இரண்டிலும் அந்த வருடம் 2026-27. டார்டின் ஒப்பந்தம் 2022-ல் போட்டது, வில்லியம்ஸும் ஹோம்கிரனும் டிராஃப்டில் வந்த அதே கோடையில்.